நாடகக்காரர்கள் எங்களை வேடிக்கை பார்த்த வெள்ளிக்கிழமை

வளைகுடா நாட்டில், ருவைஸ் எண்ணெய் ஆலை வேலையில் இருந்தபோது, எனக்கு பிரெஞ்சு தெரியும் என்று ஒரு விண்ணப்பத்தில் எழுதிவிட்டேன். தெரிந்தது 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டுதான். ஏழு மாதமாக வெயிலில் நின்று குழாய்களுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தவன் நான். புதிதாக வந்த பிரெஞ்சு இன்ஜினீயரின் ஏசி அறையில் உதவியாளர் வேலை காலி என்றால் சீனமே தெரிந்துவிடும், பிரெஞ்சு தெரியாதா?

இன்ஜினீயர் நல்ல மனிதர். ஆபத்தே அதுதான். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேம்ப் ஹாலில் எங்கள் ஊர் சிரிப்புப் படம் போடுகிறேன். உன் ஆட்களுக்கு நீ தமிழில் சொல். சனிக்கிழமை வேலையைப் பற்றிப் பேசலாம்" என்றார் ஆங்கிலத்தில்.

வேறு பாஷைப் படம் என்றால், அது தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று கதை சொல்வது எங்கள் கேம்ப் வழக்கம். மைக் என் கைக்கு வந்தது.

படத்தில் ஒரு நாடக அரங்கு. திரைச்சீலை உயர்ந்தது. மேடையில் பத்து நடிகர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழே டிக்கெட் வாங்கி வந்த ஜனங்களை வேடிக்கை பார்த்தார்கள். கீழே ஒருவர் தும்மினார். மேடையில் கைதட்டல்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "சொத்துத் தகராறுப்பா. மேல இருக்கறது அண்ணன் வீடு, கீழ தம்பி வீடு" என்று அவிழ்த்துவிட்டேன். ஒரு கிழவி ஏதோ பேச, "எனக்குக் கஞ்சி ஊத்துவியாடா மகனே" என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன்.

பட்டுக்கோட்டைப் பக்கத்து ஃபிட்டர் எழுந்தார். "அண்ணே, அந்தம்மா சிரிக்குதே?"

"ஆனந்தக் கண்ணீர், தம்பி."

"கண்ணீரே இல்லியேண்ணே. நீங்க ரூம்ல வைக்கிற சாம்பார் மாதிரியே இருக்கு கதையும். பருப்பக் காணும்."

ஹால் அதிர்ந்தது. கடைசி வரிசையிலிருந்து இன்ஜினீயர் என்னையே பார்த்தார். ஏசி அறை கண்ணெதிரே உருகி ஓடியது. மைக்கைக் கீழே வைத்தேன். "எனக்கு பிரெஞ்சு மாஃபி, தெரியாது. கலாஸ், முடிஞ்சுபோச்சு."

"அது மொத சீன்லயே தெரியும்ணே. உக்காருங்க" என்றார் ஃபிட்டர்.

அந்த நேரம் பார்த்து மேடையிலிருந்த பத்துப் பேரும் தலையைத் திருப்பி நேராக எங்களைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஃபிட்டர் கத்தினார். "டேய், சட்டையப் போடுங்கடா! நம்மளத்தான் பாக்க வந்திருக்கானுவ!"

பனியனோடு இருந்த நாலு பேர் நிஜமாகவே சட்டை மாட்டினார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: "எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க. யாராச்சும் பாடுங்கப்பா, வெறுங்கையோட அனுப்பாதீங்க."

ஒரு வெல்டர் பாடியே விட்டார். படத்தில் கைதட்டினார்கள். வெல்டர் எழுந்து கும்பிட்டார்.

இன்ஜினீயர் என் பக்கத்தில் வந்து குந்தினார். "உன் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்?"

சொன்னேன். இந்தத் தடவை சொந்தச் சரக்கு ஒன்றும் சேர்க்கவில்லை, சாம்பாரைக்கூட மறைக்கவில்லை. மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"பிரெஞ்சு தெரியாதா?"

"தெரியாது சார்."

"எனக்குத் தெரியும். ஒரு அறைக்கு ஒருவர் போதும். இவர்கள் பேசுவதுதான் எனக்குப் புரிவதில்லை. நாளை ஏழு மணிக்கு வா."

போனேன். முதல் ஆளாக ஃபிட்டர் உள்ளே வந்தார். ஏணி ஆடுகிறது என்று மூன்று வாரமாகச் சொல்கிறாராம், யாரும் காதில் வாங்கவில்லையாம். அவர் திட்டியதையும் சேர்த்து அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மத்தியானத்துக்குள் புது ஏணி வந்துவிட்டது.