மாப்பிள்ளை கண்ட லைசின்

வசந்தாமணி உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து நாமக்கல் பக்கத்துக் கோழித் தீவன ஆலையின் ஆய்வகத்தில் சேர்ந்து பதினாறு வருஷம். எத்தனையோ அரைவேக்காடுகளைப் பார்த்தவள்தான். ஆனால் முதலாளி சென்னியப்பனின் மருமகன் தனசேகரைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

கல்யாணமான கையோடு ஆலையையும் பண்ணையையும் அவன் பொறுப்பில் விட்டிருந்தார் சென்னியப்பன். ஒருநாள் கைபேசியும் கையுமாக ஆய்வகத்துக்கு வந்தான்.

"சோயாவப் பாதியாக் குறைச்சுட்டு மக்காச்சோளக் குளூட்டன் போட்டுருங்க. லைசின் மூட்டையும் வேண்டாம், செலவு மிச்சம்."

"அப்பறம் கோழிக்கு லைசின் எங்கிருந்துங்க வரும்?"

"உடம்பே பண்ணிக்கும். ஒரு அமினோ அமிலத்துலருந்து அமினோ தொகுதியக் கழட்டி இன்னொண்ணுல மாட்டிக்குமாம். வீடியோவுல சொன்னாங்க. மொத்தப் புரதம் சரியா வருதில்ல, போதும்."

வீடியோவைப் பாதியில் நிறுத்தியிருப்பான். முழுதாகப் பார்த்திருந்தாலும் மண்டையில் ஏறியிருக்காது.

"கழட்டி மாட்டறது நெசந்தானுங்க. குளூட்டமேட்டுங்கற அமினோ அமிலத்துலருந்து எடுத்துப் பைருவேட்டுல மாட்டுனா அலனின்ங்கற இன்னொண்ணு ஆயிரும். ஆனா மாட்டறதுக்கு ஒரு கார்பன் சட்டகம் வேணுமில்லீங்க? லைசினும் ஒரு அமினோ அமிலந்தான், ஆனா அதுக்கான சட்டகத்தக் கோழி உடம்பு பண்ணாதுங்க. தீவனத்துல போட்டாத்தான் உண்டு."

"படிச்சவங்க இப்படித்தான் பயமுறுத்துவீங்க," என்று சிரித்தான்.

அவள் தன் ஆட்சேபத்தைக் கலவைத் தாளிலேயே எழுதி நீட்டினாள். படிக்காமலேயே பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

மூன்றாம் வாரம் ஐம்பத்தைந்து கிராம் முட்டை ஐம்பதுக்கு இறங்கியது. வெயில் என்றான். தண்ணீர் என்றான். கடைசியில், முட்டை பொறுக்கும் கந்தம்மாள் பெரிதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போகிறாள் என்றான். அதுவரை அவனை முட்டாள் என்று மட்டுமே நினைத்திருந்த வசந்தாமணிக்கு அன்று அருவருப்பு வந்தது. நேராகப் போய்ச் சென்னியப்பன் முன்னால் அந்தத் தாளை வைத்தாள். அவர் மருமகனைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏனுங்க மாப்பிள்ள, இது உங்க கையெழுத்துத்தானுங்களா?"

"அந்தம்மா சரியா எடுத்துச் சொல்லலைங்க மாமா."

சென்னியப்பன் பழைய கலவையையே போடச் சொன்னார். அன்று மாலையே சோயாவும் லைசினும் பழைய அளவுக்குத் திரும்பின. மாதம் ஒன்றில் முட்டையும் தேறியது.

கந்தம்மாளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வசந்தாமணிதான் கொட்டகைக்குப் போய், எல்லார் காதிலும் விழும்படி, "உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்கக்கா, தீவனந்தான் கோளாறு" என்றாள்.

அடுத்த பண்ணையாளர் கூட்டத்தில் லைசினின் அவசியம் பற்றித் தனசேகர் அரைமணி நேரம் பேசினான். ஏதோ அவனே கண்டுபிடித்த மாதிரி. ஜனங்கள் கை தட்டினார்கள். வசந்தாமணி பாதியில் எழுந்து ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள். சோதிக்க வேண்டிய புண்ணாக்கு மேசையில் கிடந்தது. அதற்காவது ஏதோ சத்து இருந்தது.