கைக்கு வைத்த பொட்டு

எங்கள் ரைபிள் க்ளப் ரிவால்வரின் மரப்பிடியில் செதுக்கிய கோடுகளுக்குள் இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனையோ முறை எண்ணெய் போட்டுத் துடைத்தாயிற்று, போகவில்லை. புதிதாக வரும் உறுப்பினர்கள் துரு என்று நினைத்து என்னிடம் புகார் சொல்வார்கள். செயலாளர் என்ற முறையில் துப்பாக்கிப் பெட்டிச் சாவியும் என்னிடம், புகார்களும் என்னிடம். துரு இல்லை, சந்தனம் என்பேன். துப்பாக்கிக்கும் சந்தனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அடுத்து கேட்பார்கள். அதற்கு பி.டி. டீச்சரைப் பற்றிச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

செங்கல்பட்டுக்கு வெளியே, கைவிட்ட கல்குவாரிப் பள்ளத்தில்தான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சுடுவோம். பதக்கம் வாங்குகிற கூட்டமில்லை. நான் கூடுவாஞ்சேரியில் மருந்துக்கடை வைத்திருப்பவன், தலைவர் படாளத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து லாரி விட்டவர், மற்றவர்களும் இப்படித்தான். டீச்சர் மட்டும் உண்மையிலேயே ரைபிளில் கெட்டிக்காரர். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மார்பில் கட்டி வந்து அறுவை சிகிச்சை ஆன பிறகு வலது கை வீங்கிவிட்டது. ரைபிளைத் தூக்கித் தோளில் வைக்க முடியவில்லை. இனி வரமாட்டார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்று, க்ளப் உரிமத்தில் ஒரு ரிவால்வர் வாங்கலாமே என்றார். இரண்டு கையாலும் பிடிக்கலாம், பாயிண்ட் டூ டூ தோட்டா என்றால் உதைக்கவும் உதைக்காது. தலைவருக்கு அன்றே பாதி சம்மதம். லாரியோ துப்பாக்கியோ, புதிதாக வண்டி இறங்குகிறது என்றால் அந்த மனிதருக்குக் குஷி வந்துவிடும்.

அனுமதி எல்லாம் கிடைத்ததும் சென்னையில் கடைக்கு டீச்சர், அவர் கணவர், தலைவர், நான் என்று நால்வரும் போனோம். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று குட்டை, கைக்கு அடக்கம். இன்னொன்று நீளக் குழாயும், மரப்பிடி தவிர முழு இரும்புமாக நல்ல கனம். டீச்சரின் கையைப் பார்த்த எல்லோரும் குட்டையைத்தான் அவர் பக்கம் தள்ளினோம். அவர் இரண்டையும் பலமுறை தூக்கிப் பார்த்தார். இந்த வகையில் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிக்கும், தோட்டா இல்லாத வெறும் அறையில் இழுத்தால் இரும்பில் மோதிக் கெட்டுப்போகும் என்று கடைக்காரர் ஏற்கனவே சுட்டுத் தீர்ந்த வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் போட்டுக் கொடுத்தார். குட்டையின் ட்ரிகரை இழுக்கும்போது குழாயின் முனை நடுங்கியது. நீளமானதில், பின்னாலிருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்திவிட்டால், ட்ரிகரைத் தொட்டாலே அது விழுந்தது, முனையும் அவ்வளவாக ஆடவில்லை. டீச்சர் நீளமானதைத் தொட்டு, இதுதான் என்றார்.

"இன்னாம்மா, கையே சரியில்ல, இம்மாங் கனத்த எடுக்கறே?" என்றார் தலைவர்.

"கனம் பழகிடும் தலைவரே. ஆட்டம் பழகாது."

வெளியே வந்ததும் கணவர், இந்தக் கையோடு இனிச் சுடவே வேண்டாம் என்று வீட்டில் நடந்துகொண்டிருந்த சண்டையை எங்கள் முன்னாலேயே இழுத்தார். கடைசியில் டீச்சரே ஒரு முடிவு சொன்னார். ஆயுத பூஜை முடிந்து வரும் ஞாயிறு சுடுவேன். ஒரு சுற்று ஆறு குண்டில் ஒன்றாவது குறிக் காகிதத்தில் படாவிட்டால் அன்றோடு விட்டுவிடுகிறேன். கணவர் உடனே சரி என்றார். ஒன்றும் படாது என்று அவர் நம்பியது முகத்திலேயே தெரிந்தது.

அதன் பிறகு டீச்சரை மாமல்லபுரம் கடற்கரையில்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கைக்கான பயிற்சி மையத்தில் சொல்லிக் கொடுத்தபடி, கையில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து நேரே நீட்டிக்கொண்டு மணலில் நிற்பார். வாரத்துக்கு வாரம் பாட்டிலில் தண்ணீர் கொஞ்சம் ஏறும். கோயில் பார்க்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள். எனக்குக் கோபமாக வந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. கணவர் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டீச்சர் தோட்டாக்களைப் போடப் பார்த்தார், பாதியிலேயே நின்றன. ஒருவழியாக அழுத்திப் போட்டால், தோட்டா அறைகள் இருக்கும் உருளை சுற்றவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலைவர்தான் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தார். ஆயுத பூஜையன்று நான் என் கடைப் பூஜைக்குப் போகச் சாவியை அவரிடம் கொடுத்திருந்தேன். லாரிக்கு ஆறு சக்கரத்துக்கும் பொட்டு வைக்கிற கை சும்மா இருக்குமா? உருளையைத் திறந்து ஆறு அறைக்கும் வஞ்சனையில்லாமல் சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்கிறார். மரப்பிடிக்கும் தாராளமாக; அதை வழக்கமான பூஜைப் பொட்டு என்று நான் விட்டிருந்தேன். எல்லாம் காய்ந்து கல்லாகக் கிடந்தது.

"புதுசாச்சேன்னு நல்லா வெச்சேன் டீச்சர். இப்டி புடிச்சிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

கணவர் எழுந்து வந்தார். "கிளம்பலாமா?"

"உக்காருங்க," என்றார் டீச்சர்.

தோட்டாக்களை எடுத்து வைத்துவிட்டு, துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒடித்து, துணி சுற்றி, எண்ணெயில் தோய்த்து ஒவ்வொரு அறையாகச் சுரண்டினார். வீங்கிய கை வலித்திருக்கும், அவ்வப்போது உதட்டைக் கடித்தார். நான் வாங்கிக்கொள்ளப் போனேன், கொடுக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. கடைசியில் உருளை சுற்றியது. முதல் குண்டு மண்ணில் புகுந்தது. அடுத்தடுத்தவையும் மண்தான். நான் பார்க்காமல் தலை குனிந்துகொண்டேன். ஆறாவது, காகிதத்தின் கீழ் மூலையைக் கிழித்துக்கொண்டு போனது. வட்டத்துக்கும் அதற்கும் ஒரு முழம் இருக்கும். ஆனாலும் காகிதம் காகிதம்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணவர் அந்தக் கிழிசலை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அடுத்த வாரம் எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

தலைவர் பரிகாரம்போல மிச்சச் சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார். எங்கே வைப்பதென்று அவருக்கே தெரியவில்லை.

"துப்பாக்கி தானா சுடுதா தலைவரே? இதுக்கு வைங்க." டீச்சர் வீங்கிய வலது மணிக்கட்டை நீட்டினார்.

சில வருடங்கள் அந்த ரிவால்வரில் நன்றாகவே சுட்டார், வட்டத்துக்குள்ளும் சுட்டார். பிறகு நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோயிற்று. இப்போது ஆயுத பூஜையன்று எங்கள் க்ளப்பில் துப்பாக்கிகளுக்குப் பொட்டு கிடையாது. உறுப்பினர்கள் வரிசையில் நின்று சுடும் கையை நீட்டுவோம், பொட்டு அதற்குத்தான். இந்த வருடம் ஊரப்பாக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த அம்மா ஒருவர், வீங்கிய வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு இடது கையை நீட்டினார். தலைவருக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் சந்தனத் தட்டு அவர் கையில்தான்.

"அது இல்லம்மா. உள்ள வெச்சிகினு கீறியே, அந்தக் கையை நீட்டு," என்றார்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு ரிவால்வர் பெட்டியைத் திறக்கப் போனேன்.