கொழும்புத்துறைக் கருவாடு பதுளைக்குப் போன வழி

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை, உடுவிலில் இருந்து கொழும்புத்துறை, கோப்பாய் வழியாக யாழ்ப்பாண நகரம் வரை பட்டா என்கிற சின்ன லொறியின் பின்பெட்டியில் பயணம் செய்தேன். ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர். "இதையும் பயணம் எண்டு எழுதப் போறியோ?" என்று அம்மா கேட்டார். எழுதத்தான் வேண்டும். தூரத்து ஊருக்கு நிவாரணம் சேர்க்கப் புறப்படுகிற யாராவது வாசித்தால், நாங்கள் பட்ட பாட்டில் பாதியாவது அவர்களுக்கு மிச்சம்.

காரணம் கவிதா. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இங்கே விடுதியில் தங்கி என்னோடு படிக்கிறவள். மழையில் மலை சரிந்து, அவர்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளில் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. அவளுடைய அம்மா தப்பி, ஒரு பாடசாலை மண்டபத்தில் மற்றக் குடும்பங்களோடு இருந்தார். பதுளைப் பக்கம் பஸ் இன்னும் ஓடவில்லை, விடுதியும் பூட்டியாயிற்று. அதனால் கவிதா எங்கள் வீட்டில் இருந்தாள். அந்த மண்டபத்துக்கு ஊர் ஊராகப் பொருள் சேர்த்து அனுப்பத்தான் இந்தப் பயணம்.

பயணத்துக்கு மூன்று நாள் முன் அவளுடைய அம்மா தொலைபேசியில் கதைத்தது எனக்கும் கேட்டது.

"சாப்பாட்டுக்கு ஒரு கொறையும் இல்லம்மா. காலையில பருப்பும் சோறும். ராத்திரிக்கு சோறும் பருப்பும். வாய்தான் செத்துப்போச்சு. ஒரு துண்டு கருவாடு இருந்தா..." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

கவிதா சிரிக்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "இத யார்கிட்டயும் சொல்லாத. குடுக்கிறதத் தின்னாம குறை சொல்றாங்கன்னு நெனைப்பாங்க."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். ஆனால் வரைபடத்தை விரித்து வழி போட்டவள் நான். முதல் நிறுத்தம் கொழும்புத்துறை என்று எழுதினேன். காலையில் போனால்தான் கடல் தொழிலாளர்கள் வீட்டில் இருப்பார்கள் என்று எல்லோருக்கும் காரணம் சொன்னேன். அது பொய்யும் இல்லை.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். பட்டாக்காரர் சீலன் அண்ணை எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார். கூலி வேண்டாம், டீசலுக்கு நாலாயிரம் ரூபா மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். முன்னுக்கு அவரும் அம்மாவும். பின்பெட்டியில் நானும் கவிதாவும், மழை மறைக்கத் தலைக்கு மேல் ஒரு படங்கும். தூறல் விட்டு விட்டுப் பெய்தது.

கொழும்புத்துறையில் பணம் கேட்டால் சிரிப்பார்கள். மழைக்குள் தொழில் இல்லை. ஆனால் அங்கே எங்களுக்குத் தெரிந்த ஜெசிந்தா அக்காவின் படலை வாசலில் நான்கு சாக்குக் கருவாடு கட்டித் தயாராக நின்றது. நெத்தலியும் கட்டாவும். நாங்கள் வருவது தெரிந்து ஒழுங்கை முழுக்கச் சேர்த்திருக்கிறார்கள்.

"வெயில் எங்கை பிள்ளை? இரண்டு நாள் அடுப்புக்கு மேலை தொங்கவிட்டுக் காயவைச்சது. என்ரை மனுசனுக்கே ஒரு துண்டு குடுக்கேல்லை" என்றார் அக்கா.

"அதுதான் நான் மெலிஞ்சு போனன்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

கவிதா ஒரு சாக்கின் மேல் கையை வைத்தபடியே வந்தாள். பிழை நடந்துவிட்டது என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எட்டுக் கிலோமீற்றர் ஓடிக் கோப்பாய்க்கு வந்தோம். அங்கே அரிசியும் மாவும் சீனியும் சேர்த்து வைத்திருந்த இடம் கோவில் மடம். ஊரே மீன், இறைச்சி விட்டு மரக்கறியோடு இருக்கிற திருவெம்பாவைக் காலம். சீலன் அண்ணை வண்டியை மடத்து வாசலில் நிறுத்தினார். கோவில் பொருளாளர் சிவநேசன் மாமா குடையோடு வந்தவர், நாலு அடி தள்ளியே நின்றுவிட்டார்.

"என்ன மணம் உது?"

"கருவாடு மாமா" என்றேன்.

"கருவாடோ! கோவில் வாசலிலையோ!"

"நாங்கள் இறக்கேல்லை அண்ணை, ஏத்தத்தானே வந்தனாங்கள்" என்றார் அம்மா, கொஞ்சம் தந்திரமாக.

"உதுக்கு மேலை ஏத்துற அரிசியை ஆர் தின்னுறது? அங்கையும் விரதக்காரர் இருப்பினம். முதல் உதை எங்கையாவது இறக்குங்கோ."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மலையகத்தில் பலர் அந்தக் காலத்தில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள். ஆனால் எங்கே இறக்குவது? பதுளைக்குப் போகிற பெரிய லொறி நகரத்தில் இருந்து இரண்டு மணிக்கு வெளிக்கிடும். திரும்பிப் போய்வர நேரமில்லை. ஓட்டோவில் அனுப்பலாமா என்று அம்மா கேட்டார். "அக்கா, அந்த ஓட்டோவிலை தைப்பொங்கல் வரைக்கும் ஒருத்தரும் ஏறமாட்டினம்" என்றார் சீலன் அண்ணை. அரிசிதான் முக்கியம், கருவாட்டை இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மடத்தில் நின்ற ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் பண்ணியிருந்தேனே.

கவிதா பின்பெட்டியில் இருந்து இறங்கினாள்.

"மாமா, எங்கம்மா அந்த மண்டபத்திலதான் இருக்காங்க. மூணு நாளைக்கு முன்ன பேசுனப்ப கருவாடு இருந்தா நல்லா இருக்கும்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் கேக்கல." நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தப்பா நெனைச்சுக்காதீங்க."

சிவநேசன் மாமா குடையைச் சுருக்கினார். பிறகு விரித்தார். "இதிலை தப்பென்ன பிள்ளை? முதலே சொல்லியிருக்கலாமே" என்றவர், திரும்பி மடத்துப் பக்கம் கத்தினார். "என்ரை லான்ட்மாஸ்டரை எடுத்துக்கொண்டு வாங்கோ! வாசலுக்கில்லை, றோட்டுக்கு!"

பிறந்ததில் இருந்து மீனோ இறைச்சியோ, மச்சம் எதுவும் தொடாத மனிதர். தோளில் கிடந்த சால்வையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, நான்கு சாக்கையும் லான்ட்மாஸ்டர் என்கிற தன் சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றச் சொல்லி, தானே ஓட்டினார். நாங்கள் பட்டாவின் பெட்டியைக் கழுவித் துடைத்து அரிசி ஏற்றிக்கொண்டு பின்னால் போனோம். கோப்பாயில் இருந்து நகரம் ஆறு கிலோமீற்றர். லான்ட்மாஸ்டர் போகிற வேகத்துக்கு அது முக்கால் மணித்தியாலம். வழியில் சைக்கிளில் வந்த ஒருவர், "என்ன சிவநேசண்ணை, தொழில் மாத்தியாச்சோ?" என்று கேட்டதும், சால்வைக்குள்ளிருந்து வந்த பதிலும் எங்களுக்குக் கேட்டன. பதிலை எழுதமாட்டேன்.

பெரிய லொறி ரஹீம் நானாவுடையது. வெங்காயம் ஏற்றிப் போய் மலையகத்து மரக்கறியோடு திரும்புகிற வியாபாரம். அந்த முறை வெங்காயத்துக்குப் பதிலாக உதவிப்பொருள். 1990இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. கவிதாவின் அம்மா சொன்னதைக் கேட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

"புத்தளத்திலை அகதிக் கொட்டிலுக்கை இருக்கேக்கை நான் சின்னப்பிள்ளை. பருப்பெண்டா இண்டைக்கும் எழும்பி ஓடுவன்." கருவாட்டுச் சாக்குகளைப் படங்கில் சுற்றி, அரிசியில் படாமல் முன்கூரைக்கு மேல் கட்டுவித்தார். இரண்டு மணிக்குப் போகவேண்டிய லொறி இரண்டே காலுக்குப் போனது.

புறப்படப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மச்சத்தையும் மரக்கறியையும் ஒரே வண்டியில் போடாதீர்கள். கோவிலுக்கு முதலும் கடற்கரைக்குக் கடைசியும் போங்கள். மரக்கறி லொறிக்காரரைக் கேட்டுப் பாருங்கள், போகும்போது இடம் இருக்கும். மழைக்காலத்தில் படங்கு இரண்டு வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல், அங்கே இருக்கிறவர்களிடம் என்ன சாப்பிட விருப்பம் என்று கேளுங்கள். என்ன தேவை என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

அடுத்த வாரம் லொறி கரட்டும் லீக்ஸும் கொண்டு திரும்பியபோது, ஒரு சின்னப் பொதியும் வந்தது. தோட்டத்தில் கொடுத்த தேயிலையில் கொஞ்சத்தைக் கவிதாவின் அம்மா கட்டி அனுப்பியது. மேலே, 'மூக்கைக் கட்டிக்கிட்டு வந்த ஐயாவுக்கு' என்று எழுதியிருந்தது. நானும் கவிதாவும் சைக்கிளில் கோப்பாய்க்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

சிவநேசன் மாமா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு பொதியை மூக்கடிக்குக் கொண்டுபோனார்.

"கருவாட்டுக்குப் பக்கத்திலை வைச்சுக் கட்டேல்லைத்தானே?"

"இல்லீங்க மாமா" என்றாள் கவிதா. "கருவாடு அன்னைக்கே முடிஞ்சுபோச்சாம்."