செல்வலட்சுமியின் சிவப்புப் பொத்தான்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம். கண், காது, மூக்கு வைத்துச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

பேய் என்றால் அமாவாசையும் புளியமரமும் நாய் ஊளையும் வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இதில் ஏமாற்றம்தான். இது பட்டப்பகலில் நடந்தது. 2009 ஆகஸ்டு, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ஒன்று நாற்பது. சிவகாசிக்குப் பக்கத்தில் ஆனைக்குட்டம். அதுவும் ஒரு ரிமோட்டை வைத்து.

சிரிப்பு வருகிறதா? சிரித்துக்கொள்ளுங்கள். புகழேந்தியும் இப்படிக் கதைகளைக் கேட்டுச் சிரித்த ஆள்தான்.

புகழேந்தி வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வயது ஐம்பத்திரண்டு. காலையில் கேட்டில் நின்று எல்லாரையும் சோதித்து உள்ளே அனுப்புவது அவர் வேலை. தீப்பெட்டி, செல்போன், டார்ச் லைட் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. டார்ச்சைக் கண்டால் அவர் கை தானாகப் போய் உள்ளே இருக்கிற கட்டையை உருவிவிடும். நம் பக்கம் பேட்டரிக்குக் கட்டை என்றுதானே பேர்! வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. டிவி ரிமோட்டில்கூடக் கட்டையை உருவி மேசையில் வைத்துவிட்டுத்தான் படுப்பார். "உம்ம கையில பிசாசு புகுந்திருக்குய்யா" என்று அவர் மனைவி செல்வலட்சுமி கேலி செய்வாள்.

பாவம், நல்ல மனுஷி. 2003ல் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவள், அதற்குப் பிறகு எழுந்து நடக்கவே இல்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கை மட்டும் வேலை செய்யும். ஒரே மகள் சினேகாவைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்தாயிற்று. பகலில் வீட்டில் யாரும் கிடையாது.

அதனால் புகழேந்தி மதுரைக்குப் போய் ஒரு ரிமோட் செட் வாங்கி வந்தார். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெட்டி, கையில் நான்கு பொத்தான் வைத்த ரிமோட். ஒரு பொத்தானுக்கு விளக்கு, ஒன்றுக்கு ஃபேன், ஒன்றுக்கு வாசல் விளக்கு. நாலாவது சிவப்பு. அதை அமுக்கினால் பக்கத்து வீட்டு வீரலட்சுமியின் சுவரில் பெல் அடிக்கும். வீரலட்சுமி வீட்டிலேயே உட்கார்ந்து பட்டாசுப் பெட்டி ஒட்டுகிறவள். சாவி அவளிடம் ஒன்று உண்டு. பெல் கேட்டதும் பசைக் கையோடு ஓடிவருவாள். மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

2006 செப்டம்பரில் அந்த நாள் வந்தது.

காலை ஆறு நாற்பது. "பெல்லு சரியா கேக்கலைன்னு பக்கத்து வீட்டு லட்சுமி சொல்றா. கட்டை தீந்துருச்சு போல" என்றாள் செல்வலட்சுமி. புகழேந்தி ரிமோட்டிலிருந்து இரண்டு கட்டைகளையும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தெருமுனைக் கடையில் அதே அளவில் புதுசு வாங்கிப் பத்து நிமிஷத்தில் திரும்புவதாகத்தான் கிளம்பினார். கடை திறக்கவில்லை. கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. தீபாவளி சீசன், லோடு நிற்கிறது. ஏறிவிட்டார். அங்கே போய் ஆள் அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தார். கேட்டில் தன் பையையும் தானே சோதித்து, இரண்டு கட்டைகளையும் வாட்ச்மேனிடம் இருக்கிற சோதனைப் பெட்டியில் போட்டார். அதோடு மறந்துபோனார்.

நாலரை மணிக்கு வாட்ச்மேன் அந்தக் கட்டைகளைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஐந்து. தண்ணீர்ச் செம்பு கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. செல்வலட்சுமியின் உடம்பு சில்லிட்டிருந்தது. கையில் ரிமோட். கட்டைவிரல் சிவப்புப் பொத்தான் மேலேயே இருந்தது. விரல்களைப் பிரித்துத்தான் ரிமோட்டை எடுக்க வேண்டியிருந்தது. தலையணையின் ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். நெஞ்சுவலி என்றார். "காலைல பதினோரு மணிக்கே உசுரு போயிருக்கும்" என்றார்.

புகழேந்தி கட்டை விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூட. "தூக்கத்துல போயிட்டா" என்று எல்லாரிடமும் சொன்னார். ஆனால் அந்த ஈரத் தலையணை அவரை விடவில்லை. அடிக்காத பெல்லை அமுக்கி அமுக்கி, தண்ணீருக்குத் தவித்து, அழுதே செத்திருக்கிறாள் என்று மூன்று வருஷம் தினமும் நினைத்துக்கொண்டார். மனுஷன் சிரித்தே யாரும் பார்க்கவில்லை.

இப்போது சினேகாவுக்கு ஏழு மாசம். டாக்டர் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பா வீட்டுக்குத்தான் வருகிறாள். அதே அறை, அதே கட்டில். புகழேந்தி திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். இந்தத் தடவை பெல் அடிக்காமல் போனால் தான் மனுஷனே இல்லை என்று அவர் மனசுக்குள் முடிவு செய்திருந்தார்.

சனிக்கிழமை பழைய ரிமோட்டைப் பீரோவிலிருந்து எடுத்தார். மூடி விரிசல் விட்டிருந்தது. சிவகாசி பஜாரில் சீனிவாசகம் கடைக்குக் கொண்டுபோனார்.

"இந்தச் சரக்கையே கம்பெனிக்காரன் நிறுத்திட்டான்" என்றார் சீனிவாசகம். "மதுரையிலயும் கெடைக்காது, மெட்ராஸ்லயும் கெடைக்காது."

"வேற வழி இல்லையா அண்ணாச்சி?"

சீனிவாசகம் மூன்று யுனிவர்சல் ரிமோட்டை எடுத்துப் போட்டார். ஒன்று டிவிக்கு மட்டும். ஒன்றுக்கு நம்பர் புத்தகம் உண்டு. நூற்றுக்கணக்கான நம்பரில் நம் பெட்டிக்கு எது பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாவது, கற்றுக்கொள்கிற ரிமோட். பழசையும் புதுசையும் மூக்கோடு மூக்கு வைத்து, பழசில் பொத்தானை அமுக்கினால் புதுசு பிடித்துக்கொள்ளும்.

"நம்பர் புத்தகத்துல உங்க பெட்டியோட கம்பெனி பேரே இல்ல. நான்னா மூணாவதத்தான் எடுப்பேன்" என்றார் சீனிவாசகம். "ஆனா பழசு வேலை செய்யணும். செத்த ரிமோட்டுகிட்ட இருந்து ஒண்ணும் கத்துக்கிடாது."

"புதுசா ஒரு செட்டே மாட்டிட்டா?"

"மாட்டலாம். வயரெல்லாம் பிரிக்கணும், பத்து நாளாகும்."

மகள் மறுநாள் சாயங்காலம் வருகிறாள். புகழேந்தி மூன்றாவதை வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு. பத்து ஐம்பதுக்குக் கட்டிலில் உட்கார்ந்தார். புது விரிப்பு, புது உறை போட்ட தலையணை. பழசில் புதுக் கட்டை போட்டு, இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்கு வைத்தார். காத்திருக்கும்போது புதுசில் மஞ்சள் விளக்கு எரியும். கற்றுக்கொண்டால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

விளக்குப் பொத்தான்... நாலு தடவை அமுக்கியதும் பச்சை. ஃபேன், பச்சை. வாசல் விளக்கு, பச்சை.

பெல் பொத்தான்.

மஞ்சள்... மஞ்சள்... சிவப்பு.

மறுபடியும். சிவப்பு. பதினோரு தடவை அமுக்கினார். பொத்தான் உள்ளே அமுங்கியே போயிருந்தது. அன்றைக்கு எத்தனை தடவை அமுக்கினாளோ என்று நினைத்தார்.

பன்னிரண்டு இருபது. முகம் கழுவிவிட்டு வந்தார். அறையில் தைல வாடை அடித்தது. அவள் முதுகுக்குத் தேய்த்துவிடுகிற தைலம். அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட்டு வருஷம் மூன்று ஆகிறது.

தலையணையைப் பார்த்தார். நடுவில் ஒரு பள்ளம்... யாரோ தலை வைத்துப் படுத்து எழுந்ததைப் போல.

தான்தான் சாய்ந்திருப்போம் என்று தட்டிச் சரிசெய்தார்.

சரியாக ஒரு மணி. கரண்ட் போனது. தினமும் ஒன்றிலிருந்து மூன்று வரை கட். ஃபேன் நின்றது. வீடு கப்சிப்.

பழைய ரிமோட்டிலிருந்து இரண்டு கட்டைகளையும் உருவிச் சட்டைப்பையில் போட்டார். அவர் உருவவில்லை, கைதான் உருவியது. ரிமோட்டுகளை மூலைக்கொன்றாகக் கட்டிலில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். மகளுக்குச் சோறு வைக்க வேண்டும்.

ஒன்று நாற்பது.

ட்ர்ர்ரிங்...

கையிலிருந்த கரண்டி விழுந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம். வீரலட்சுமி வீட்டில்.

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...

கரண்ட் இல்லை. ஃபேன் ஓடவில்லை. பெல் மட்டும் அடித்தது.

அறை வாசலுக்கு வந்தார்.

கட்டிலில் இரண்டு ரிமோட்டும்... மூக்கோடு மூக்கு.

புதுசில் பச்சை விளக்கு.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். கட்டைகள் இரண்டும் அங்கேயே இருந்தன.

"அண்ணே..."

திடுக்கிட்டுத் திரும்பினார். வீரலட்சுமி. கையெல்லாம் பசை. முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"பெல்லு நீங்களா அடிச்சீக?"

"இல்ல தாயி. கரண்டே இல்லையே."

அவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னைக்கும் இதே நேரந்தாண்ணே."

"என்னைக்கு?"

"மதினி போன அன்னைக்கு."

புகழேந்தி சுவரைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருஷமாக வாய்க்குள் கிடந்தது வெளியே வந்தது. "அன்னைக்கு பெல்லு அடிச்சிருக்காது தாயி. கட்டையை நான் எடுத்துட்டுப் போயிட்டேன்... மறந்துட்டேன். நான்தான் அவளக் கொன்னேன்."

"கட்டை எடுத்தது எனக்குத் தெரியும்ணே."

"எப்படித் தெரியும்? நான் யாருகிட்டயும் சொல்லலையே!"

"மதினிதான் சொன்னாக."

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. கட்டைகள் ஒன்றோடொன்று உரசின.

"எப்ப சொன்னா?"

"அன்னைக்குத்தான். பெல்லு கேட்டு ஓடியாந்தேன். ரெண்டு மணிக்குப் பெட்டி எடுக்க வண்டி வரும்னு கடியாரத்தப் பாத்துட்டே வந்தேன். ஒண்ணு நாப்பது. செம்பு கீழ உருண்டுருச்சு, தண்ணி குடு லட்சுமின்னாக. எங்க வீட்டுல மோந்துட்டு வந்து ஊத்துனேன். 'கட்டைய அவுக எடுத்துட்டுப் போயிட்டாக. வேணும்னு செய்யல, வேலை நெனப்பு. வந்தா அவுகள ஒண்ணும் சொல்லிராத லட்சுமி'ன்னாக. கட்டை இல்லாம பெல்லு எப்படி அடிச்சதுன்னு எனக்கு அப்பத் தோணலண்ணே."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? சாயங்காலம் டாக்டரு பதினோரு மணிக்கே உசுரு போயிருச்சுன்னாரே... நானும் இங்கனதான் நின்னேன். அப்ப நான் யாருக்குத் தண்ணி ஊத்துனேன்? யாருகூடப் பேசுனேன்? பைத்தியம்பாகளேன்னு வாயப் பொத்திக்கிட்டேன். இருக்கன்குடி மாரியாத்தா கோயிலுக்குப் போயி மந்திரிச்சு கயிறு கட்டிக்கிட்டு வந்தேன்."

தெருவில் ஒரு வேன் போன சத்தம் கேட்டது.

புகழேந்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "குடிச்சாளா?"

"வாயத் தொறந்தாக. உள்ள எறங்கலண்ணே. கடைவாயில வழிஞ்சு தலகாணியெல்லாம் நனஞ்சிருச்சு. தொடச்சு விட்டேன். போதும் லட்சுமின்னு சிரிச்சாக."

ஈரத் தலையணை. மூன்று வருஷமாக அவர் கண்ணீர் என்று நினைத்தது.

உள்ளே போனார். புது உறை. மெல்லக் கை வைத்துப் பார்த்தார்.

ஒரு பக்கம் நனைந்திருந்தது.

அவர் கையை எடுக்கவில்லை. அதன் மேலேயே முகத்தை வைத்துக்கொண்டு, "தாகமா இருக்கா செல்வம்..." என்று கேட்டு விம்மி விம்மி அழுதார். வீரலட்சுமி தன் வீட்டுக்குப் போய், ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்து கட்டிலோரம் வைத்தாள்.

சாயங்காலம் சினேகா வந்ததும், கட்டை விஷயத்தை மறைக்காமல் மகளிடம் சொன்னார். பிறகு புது ரிமோட்டை அவள் கையில் கொடுத்து, சிவப்புப் பொத்தானை அமுக்கச் சொன்னார். பக்கத்து வீட்டில் பெல் அடித்தது. செம்பை எடுத்து ஓரமாக வைக்கப் போன வீரலட்சுமி, அதைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். மத்தியானம் நிறைய வைத்த செம்பில் பாதித் தண்ணீர் இல்லை.