கூடப்பிறந்தவர் எவருமில்லை

எங்கள் பதிப்பகத்தில் மாதம் இரண்டு பெரிய மனிதர்கள் பிறப்பார்கள். முதல் பக்கத்தில் பிறந்து, படித்து, சாதித்து, முப்பத்தொன்றாம் பக்கத்தில் இறந்தும் போவார்கள். முப்பத்திரண்டாம் பக்கத்தில் ஐந்து கேள்விகள் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான வரலாற்று வரிசை அது. பக்கங்களைக் கணினியில் அடுக்குவது என் வேலை. அந்தப் பெரிய மனிதர்கள் உண்மையிலேயே அப்படித்தான் வாழ்ந்தார்களா என்று பார்ப்பது எனக்கு எதிர் மேசையில் இருந்த மேடத்தின் வேலை.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ரெண்டு சாட்சி’. எழுத்தாளர் எதை எழுதினாலும் அதற்கு இரண்டு ஆதாரம் வேண்டும். இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் வாயால் சொன்னது செல்லாது. இந்தச் சட்டத்தைப் போட்டதே அவர்தான். போட்ட நாளிலிருந்து எழுத்தாளர்களுக்குத் தூக்கம் போனது.

ஒருமுறை ஒரு கணித மேதை தெருவிளக்கில் படித்தார் என்று ஒருவர் எழுதிக் கொண்டுவந்தார். “எந்தத் தெரு? அந்தத் தெருவுக்கு விளக்கு எந்த வருஷம் வந்துச்சு?” என்று கேட்டார் மேடம். மனிதர் திருதிருவென்று விழித்தார். இன்னொருவர் ஒரு ராஜாவை, செத்து மூன்று வருஷம் கழித்துப் போருக்கு அனுப்பியிருந்தார். “செத்தும் சண்டைய விடலையா உங்க ராஜா?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார் மேடம். அவர் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். என்னைத் தவிர யாராலும் அதைப் படிக்க முடியாது. பதினெட்டு வருஷமாக அதைப் பார்த்துத்தான் நான் திருத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்களோடு சிரிப்பார், கிண்டலும் செய்வார். ஆனால் யாராவது உரிமையோடு அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் காது கேட்காதவர் போல் இருந்துவிடுவார். மேடம் என்றால்தான் திரும்புவார். காய்ச்சலில் படுத்தபோது ஒருமுறை வேலைத்தாள்களைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். மூன்றாவது மாடியில் ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி. என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். தேநீர் எனக்கு மட்டும் வந்தது. “நீங்க?” என்றேன். “நீ குடிச்சு முடி, கழுவிட்டு நான் குடிக்கிறேன்” என்றார். அந்த அறையில் இருந்ததே ஒரு டம்ளர்தான்.

போன வருஷம் ஒரு கடல் விஞ்ஞானி இறந்துபோனார். கடலுக்கடியில் இருக்கும் மலைகளுக்கும் பள்ளங்களுக்கும் வரைபடம் போட்டவர். பாடப்புத்தகத்தில் இருக்கிறார், தபால் தலையில்கூட வந்துவிட்டார். எங்கள் வரிசையில் அவரைப் போடுவதென்று முதலாளி முடிவு செய்தார். எழுதியது ஒரு புது ஆள். சுறுசுறுப்பு அதிகம், பொறுமை குறைவு. ஒரே வாரத்தில் எழுதிக் கொண்டுவந்து மேடத்தின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மேடம் சாதாரணமாக ஒரு பிரதியை இரண்டு நாளில் முடித்துவிடுவார். இது மூன்றாம் பக்கத்திலேயே நான்கு நாள் நின்றது. பேனாவைத் திறப்பார், மூடுவார். நான் எட்டிப் பார்த்தேன். ‘அவர் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. கூடப்பிறந்தவர் எவருமில்லை’ என்ற வரியில் பேனா நின்றிருந்தது.

“இதுல என்ன மேடம் சந்தேகம்? ரெண்டு ஆதாரம் குடுத்திருக்காரே. பத்திரிகைப் பேட்டி இருக்கு. இருபது வருஷம் முந்தி புது நிறுவனத்துல சேந்தப்போ அவரே கைப்பட நிரப்பின படிவம் வேற. உடன்பிறந்தோர்னு கேட்டிருக்கு, இல்லைன்னு எழுதியிருக்காரு.”

“ஆமா, ரெண்டும் சரியாத்தான் இருக்கு” என்றார். பேனாவை மூடிவிட்டு, வேறு யாரைப் பற்றியோ பேசுவது போல, “அவன் என் தம்பி” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அப்புறம் அவரே சொன்னார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மாவுக்குக் கை கால் விழுந்து பதினொரு வருஷம் படுக்கை. தம்பி கப்பலிலேயே இருந்தான், கடலை அளந்துகொண்டு. அம்மாவைத் தூக்கி, துடைத்து, ஊட்டிவிட்டது அக்கா. அம்மா போனபோது தந்தி கொடுத்தும் அவன் வந்து சேர இருபது நாள் ஆனது. வாசலில் நின்றவனை உள்ளே விடவில்லை. அவன் திரும்பிப் போன மறுநாள் ஒரு கடிதம் போட்டார். அதோடு முடிந்தது. முப்பத்து நாலு வருஷம்.

“என்ன எழுதினீங்க?”

“கோவத்துல என்னெல்லாமோ எழுதினேன். இனிமே உனக்கு அக்கான்னு ஒருத்தி கிடையாதுன்னு எழுதினேன்.” பேனாவின் மூடியைத் திருகினார். “அவன் சின்ன வயசுல எது சொன்னாலும் கேக்கவே மாட்டான். இத மட்டும் கேட்டுட்டான்.”

அவன் இறந்த செய்தியைப் பேப்பரில்தான் படித்தாராம். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. எப்போதும் போல ஒன்பது மணிக்கு வந்தார், ஒரு சக்கரவர்த்தியின் பட்டாபிஷேக வருஷத்தைத் திருத்தினார், போய்விட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்கே எரிச்சலாக வருகிறது.

“அந்த வரிய அடிச்சுடுங்க மேடம். அக்கா நான்தான்னு முதலாளிகிட்ட நேரா சொல்லுங்க.”

“ஆதாரம்?”

பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதே என்றேன். அப்பா பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, அந்தப் பெயரில் ஊருக்கு நூறு பேர் என்றார். அதே காரணத்தைச் சொல்லி மூன்று எழுத்தாளர்களைத் திருப்பி அனுப்பியவர் அவர். ஒரு போட்டோ இருந்தது, அம்மா மடியில் இரண்டு குழந்தைகள். எது யார் என்று எவன் சொல்வது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

“புத்தகத்துல வரணும்னு எனக்கு ஆசையில்லப்பா” என்றார். “அந்தப் படிவத்துல இல்லைன்னு எழுதினப்போ அவன் கோவத்துல எழுதினானா, இல்ல நெஜமாவே மறந்துட்டானா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும். மறந்துட்டான்னா அந்த வரி சரிதான். டிக் போட்டுடுவேன்.”

அடுத்த நாள் எழுத்தாளர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். விஞ்ஞானி வேலை பார்த்த நிறுவனத்தில் அவருடைய மேசையைக் காலி செய்தபோது எடுத்து வைத்தவையாம். படங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முதலாளி அறைக்குப் போனார். நான் ஒவ்வொன்றாக ஸ்கேனரில் வைத்தேன். கப்பல், தாடி, விருது, மறுபடியும் கப்பல். அடியில் நான்காக மடித்த ஒரு தாள் கிடந்தது, மடிப்பெல்லாம் கிழிந்து, ஒட்டுத்தாளால் ஒட்டியிருந்தது.

பிரித்ததும் கோழிக் கிளறல். கையெழுத்து எதுவும் போடாத கடிதம். எனக்குப் போட்டிருக்கவும் தேவையில்லை.

திருப்பினேன். பின்பக்கத்தில் வேறொரு கை, சின்னச் சின்ன நேரான எழுத்து. மேலே ஒரு தேதி, அதன் கீழே ‘அன்புள்ள அக்காவுக்கு,’ அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அதன் கீழே வேறொரு தேதி, வேறொரு மையில் மறுபடி ‘அன்புள்ள அக்காவுக்கு,’. இப்படிப் பதினொரு தடவை. கடைசி இரண்டு கோணல்மாணலாக இருந்தன.

மேடத்தின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். முன்பக்கத்தை அவர் படிக்கவில்லை. பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, பழக்க தோஷம், பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதிகளை ஒவ்வொன்றாக ஒப்பிடத் தொடங்கினார்.

“இது பெரிய விருது வாங்கின வருஷம்... இது அவன் பொண்டாட்டி தவறின மாசம்... இது கப்பல் வேலைலேருந்து ஓய்வு.” கடைசித் தேதிக்கு வந்ததும் விரல் விட்டு எண்ணினார். “சாகறதுக்குப் பத்தொன்பது நாள் முந்தி” என்றார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சத்தமே இல்லை.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றாம் பக்கத்து வரியை அடித்தார். ‘இவருக்கு ஓர் அக்கா உண்டு’ என்று ஓரத்தில் எழுதினார். எழுத்தாளர் முதலாளி அறையிலிருந்து திரும்பி வந்து அதைப் பார்த்துக் குதித்தார்.

“என்னங்க இது? நான் ரெண்டு ஆதாரம் குடுத்திருக்கேன்!”

மேடம் தாளை நீட்டினார். அவர் கடிதத்தைப் படிக்க முயன்று கைவிட்டார், திருப்பினார். உதடு மட்டும் தேதிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

“சரி, போட்டுடலாம். அந்த அக்கா பேரு என்ன?”

நான் வாயைத் திறந்தேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“தெரியல” என்றார். அந்த மேசையிலிருந்து ஆதாரமில்லாமல் வெளியே போன ஒரே தகவல் அதுதான்.

எழுத்தாளர் பெட்டியை மூடப் போனவர் மறுபடி அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். “பாவங்க மனுஷன். பதினோரு தடவை உக்காந்திருக்காரு. அந்தம்மாவாவது ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்.”

“ஆமா” என்றார் மேடம். “போட்டிருக்கலாம்.”