கை தொலைத்த எலும்புக்கூடு

ஆயுத பூஜைக்கு மறுவாரம் அண்ணனின் வலது கை பிரஸ் மெஷினில் மாட்டியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் சின்னக் கம்பெனி அது. மெஷினுக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் அழியாமல் இருந்ததாக, அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள். கட்டைவிரலை மட்டும் காப்பாற்ற முடிந்தது.

பட்டாபிராம் வீட்டுக்கு வந்த பிறகு அவன் பேசுவதையே விட்டுவிட்டான். கட்டின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளை வைத்துவிட்டு, "உசுரு தப்பிச்சுதே, அத்தச் சொல்லு" என்பார்கள். அவன் கண்ணை மூடிக்கொள்வான். டிரெஸ்ஸிங்குக்கு அம்மாவை மட்டும்தான் கூட்டிப் போவான். கட்டுப் பிரித்த கையை நான் பார்க்கக் கூடாது.

எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. எங்கள் ஆபீசில் பிளாஸ்டிக் பூசணிக்காயும் பஞ்சில் செய்த சிலந்தி வலையும் தொங்கவிட்டு ஹாலோவீன் என்று வெள்ளைக்காரர்களின் பேய்த் திருநாளைக் கொண்டாடினார்கள். அன்றைக்குப் பக்கத்து சீட்டுப் பெண் ஒரு குட்டி கேமைப் பற்றிச் சொன்னாள். பேய்க்கதைதான், ஆனால் முழுக்கச் சிரிப்பு, சீக்கிரம் முடிந்துவிடும். சண்டைகூட அவசரமில்லை, நம் முறை வரும்போது யோசித்து ஒரு பட்டனைத் தட்டினால் போதும். ஒரு கையே போதும் என்பதுதான் என் காதில் விழுந்தது.

மழைக்காக வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பில் அந்த கேமைப் போட்டு அவன் பக்கத்தில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லக்கூட அவனுக்கு அலுப்பு. இடது கையால் அம்புக்குறிகளைத் தட்டினான். பூசணிக்காய்த் தலையோடு ஒருவன் வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போனான்.

"நாங்க பூசணிக்காய ரோட்ல போட்டு ஒடப்போம். இவன் இன்னாடான்னா தலையில மாட்டிகினு சுத்துறான்" என்றான் அண்ணன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக வந்தது அதுதான் முதல் தடவை.

படங்கள் சுமார்தான். இசை நன்றாக இருந்தது. இருட்டுக்குப் பயப்படும் பேய், பல்வலியில் முனகும் ரத்தக்காட்டேரி என்று ஒவ்வொன்றாக வந்தன. அவை இங்கிலீஷில் பேசுவதை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சில இடங்களில் அவன் உதடு லேசாக விரிந்தது.

பிறகு சுடுகாட்டு வாசலில் ஓர் எலும்புக்கூடு நின்றது. அதற்கு வலது கை இல்லை.

நான் அவசரமாக லேப்டாப்பை மூடப் போனேன்.

"மூடாத. இன்னா சொல்லுது அது?"

"ஒண்ணுமில்லண்ணா. வழி சொல்லுது."

"பாப்பா, பொய் சொல்லாத. கை காணோம், நான் பாத்துகினுதான கீறேன். படி."

படித்தேன். "ஒருத்தன் கை குடுன்னு கேட்டானாம். குடுத்துட்டுதாம். அவன் திருப்பித் தரவே இல்லியாம்."

அண்ணன் தோள் குலுங்கச் சிரித்தான். அவன் அழுகிறான் என்று நினைத்து, கையில் கரண்டியோடு அம்மா ஓடி வந்தாள்.

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. நம்ம கேஸுதான் இதுவும்."

அம்மா என்னை முறைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த எலும்புக்கூட்டையே துணைக்குச் சேர்த்துக்கொண்டு, அதற்கு அடிபடாமல் பார்த்து விளையாடினான். கடைசிச் சண்டைக்கு முன்னால் ஒரு நாய் அந்தக் கையைக் கவ்விக்கொண்டு வந்து போட்டது. எலும்புக்கூடு அதை எடுத்துத் திருகி மாட்டி, கைதட்டி ஆடியது. கேம் செய்தவர்கள் அதைத்தான் பெரிய வேடிக்கையாக வைத்திருந்தார்கள்.

அண்ணனின் விரல் நகரவில்லை.

"அதுக்குக் கெடச்சிட்ச்சு" என்றான். லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மீதியை நான் அப்புறம் தனியாக முடித்தேன். அதில் சிரிக்க எதுவுமில்லை.

ஆனால் அடுத்த டிரெஸ்ஸிங்குக்கு, "அம்மா வேணாம், நீ வா" என்றான்.

நர்ஸ் மெல்லக் கட்டைப் பிரித்தார். அவன் தன் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தையல் போட்ட தோல் இன்னும் சிவந்து, கட்டைவிரலுக்கு அந்தப் பக்கம் உள்ளங்கை முடியும் இடத்தில் மொட்டையாக நின்றது. நான் முகத்தைத் திருப்பவில்லை.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்ண்ணா."

"அவ்ளோதான்" என்றான்.

திரும்பும்போது ரயிலில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அவன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பட்டாபிராம் வரை நின்றுகொண்டே வந்தான்.