வெர்லனுக்குக் கிடைக்காத படகு

அலபாமாவில் மீன் பிடிக்கிறவர்களில் பொய் சொல்லாதவன் ஒருவனைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவனால் யாருக்கும் ஒரு நன்மையும் விளைந்ததில்லை. பெயர் வெர்லன் ஸ்டிடம். இருபத்திரண்டு வருடமாகக் கோழி ஆலையில் உயிர்க்கோழிகளைக் கொக்கியில் மாட்டுகிறவன். அவன் மனைவி ட்வைலா ஏரிக்கரைக் காபிக் கடையில் பரிமாறுகிறவள். நான் ஹாயிட். வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் பாஸ் மீன் பிடிக்க வைத்துப் பிழைக்கிறேன்.

வெர்லனிடம் படகு கிடையாது. அந்த ஏக்கம் அவனை விட்டுப் போனதே இல்லை. பாஸ் போட்டியில் ஒரு படகுக்கு இரண்டு பேர். முன்னால் நிற்பவர் தொழில்முறைக்காரர். படகு அவருடையது, போகிற இடமும் அவர் இஷ்டம். பின்னால் நிற்பவன் அமெச்சூர். முன்னவர் தூண்டில் போட்டு அலசிய தண்ணீரில் இவன் போட வேண்டும், மிச்சம் மீதி இருந்தால் இவனுக்கு. அப்படிப் பத்தொன்பது வருடம் அடுத்தவன் முதுகைப் பார்த்துக்கொண்டே மீன் பிடித்து, நாற்பத்தாறாம் வயதில் சாம்பியன்ஷிப்புக்குத் தகுதி பெற்றான். போட்டி எங்கள் ஏரியிலேயே. அமெச்சூர்களில் முதலில் வருபவனுக்கு எஞ்சினோடு புத்தம் புதுப் படகு.

ஆனால் ஒரு விதி உண்டு. போட்டிக்கு ஒரு மாதம் முன்பிருந்து, ஏரியில் மீன் எங்கே கிடக்கிறது, எதைக் கடிக்கிறது என்று வெளியாள் யாரும் போட்டியாளனுக்குச் சொல்லக்கூடாது. யாராவது சொல்லிவிட்டால் உடனே நடுவரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். அந்த மாதம் முழுக்க வெர்லன் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுவான்.

அந்தப் படகு அவனுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது காபிக் கடையில் ட்வைலா எனக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் பேசுகிற சாக்கில் குரலை உயர்த்திச் சொன்னேன்: "பச்சைப் புழுவைச் சீந்தக்கூட மாட்டேங்குதுய்யா. கறுப்புல நீலப் பொடி போட்ட ரப்பர்ப் புழு, அதையும் அடியில அசையாமப் போட்டு வச்சாத்தான் எடுக்குது." அவள் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னேன். விழுந்தது. மறுநாள் வெர்லனின் சாப்பாட்டு டப்பாவில், சோளரொட்டிக்கு அடியில், காகிதத் துண்டில் எழுதி வைத்துவிட்டாள்.

அவன் படித்தான். கிழித்துப் போட்டான். நடுவரிடம் போகவில்லை. போனால் மனைவியை மாட்டிவிட்டதாகும் என்று நினைத்திருப்பான். அங்கேதான் முதல் தடவையாக வாழ்க்கையில் சறுக்கினான்.

போட்டியின் கடைசி நாள், டெக்சாஸ்காரர் ஒருவரின் பின்னால் நின்றான். காலை முழுக்கப் பச்சைப் புழு, ஒரு கடி இல்லை. பதினொரு மணிக்கு மேல் கறுப்பு நீலத்தை மாட்டி, அடியில் அசையாமல் போட்டு வைத்திருக்கிறான். மூன்று மீன், பதினைந்து பவுண்டு. எடை மேடையில் எண்ணைச் சொன்னதும் கோழி ஆலைக் கூட்டம் குதித்த குதியில் பந்தலே ஆடியது. பரிசுப் படகில் ஓட்டுகிற இருக்கையில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். ட்வைலா பக்கத்தில் நின்று அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெட்கமென்ன.

பிறகு, வழக்கம்போல, ஜெயித்தவரைப் பொய் பிடிக்கும் மெஷின் முன்னால் உட்கார வைக்கக் கூட்டிப்போனார்கள். எல்லோரும் 'இல்லை, இல்லை' என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் வெளியே வருகிற சடங்கு அது. வெர்லன் முக்கால் மணி நேரம் வரவில்லை.

விரலில் கம்பியை மாட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். யார் சொன்னது என்று கேட்டதற்கு, "என் மனைவி" என்றானாம். படகை, இரண்டாவதாக வந்த ஜார்ஜியா பல் டாக்டர் ஒருவர் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு போனார்.

வாகன நிறுத்தத்தில் எல்லோர் முன்னாலும் ட்வைலா கத்தினாள். "இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துடுமா? சரி, அதுதான் வரலன்னா, கடையில யாரோ பேசிக்கிட்டாங்கன்னு சொல்லியிருக்கலாமில்ல? எம்பேரைச் சொல்லித்தான் ஆகணுமா?"

"கடையில கேட்டது நீ. நான் படிச்சது நீ எழுதுனதை," என்றான் அவன். "நான் வேற என்னத்தச் சொல்ல?"

"நாசமாப் போ. உன் உண்மையவே கட்டிக்கிட்டு அழு."

ஊர் அவளைத்தான் பிடித்துக்கொண்டது. காபி கேட்டு வருகிற ஒவ்வொருவனும், "ட்வைலா, காபியோட துப்பும் ஃப்ரீயா?" என்பான். "என் டப்பாவுலயும் ஒரு சீட்டு வையேன், லாட்டரி நம்பர் எழுதி" என்பான். ஏழு வாரம் தாங்கினாள். பிறகு அவளும் கோழி ஆலையில் சேர்ந்துவிட்டாள், வெர்லன் இல்லாத ராத்திரி ஷிஃப்டில். இருவரும் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற வேளை என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

அத்தனை நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டதும், அவன் வீட்டுக்குப் போனேன். பின்வாசலில் தனியாக உட்கார்ந்து தூண்டில் சுருளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"வெர்லன், அன்னிக்குக் கடையில அதைச் சொன்னது நான்தான். அவ காதுல விழணும்னு வேணும்னே கத்திச் சொன்னேன். அவ மேல தப்பில்லடா."

தலையை நிமிர்த்தாமலே, "தெரியும்," என்றான். "நீ பேசித்தான் கேட்டதுன்னு, சீட்டு வச்ச அன்னிக்கு ராத்திரியே ட்வைலா சொல்லிட்டா."

"அப்போ ஏண்டா நடுவர்கிட்ட எம்பேரைச் சொல்லல? அடுத்த வருஷம் ஆளுங்களைப் படகுல கூட்டிட்டுப் போற லைசென்ஸ் எனக்குப் போயிடும்னா? போகட்டுமே!"

"அவங்க கேட்டது எனக்கு யாரு சொன்னாங்கன்னு. எனக்குச் சொன்னது ட்வைலா." துணியால் சுருளைத் துடைத்தான். "ஏன் ஹாயிட், அந்தப் பந்தல்லதான நின்ன? அவ கத்துனப்பவும் பத்தடி தள்ளித்தான நின்ன? அப்ப ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

நான் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"வீட்டுக்குப் போ," என்றான். "அவ நாலு மணிக்கு எந்திரிப்பா. சொல்றதா இருந்தா அவகிட்ட வந்து சொல்லு."

மணி அப்போது ஒன்றுகூட ஆகவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். போகவில்லை.